ஏழாம் நம்பர் பாக்கெட்

காலை ஒன்பதரைக்குள் பதினோரு வாய் ஜூஸைச் சுவைத்துத் துப்பியிருந்தாள் ஏழு. பன்னிரண்டாவது வாய் நாக்கில் இருக்கும்போது போன் அடித்தது.

அவளுக்குப் பெற்றோர் வைத்த பேர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டோடு சரி. தொழிற்சாலையில் அவள் ஏழாம் நம்பர். ஜூஸ் பாக்கெட்டின் தலையில் தேதி அச்சடிக்கிறார்களே, அந்த வரிசையின் கடைசியில் ஓர் எண் வரும். அந்தச் சரக்கைச் சோதித்து 'போகலாம்' என்று கையெழுத்துப் போட்டவரின் எண். பதினாறு வருடமாக அவள் ஏழு. சரக்கைத் திருப்பி அனுப்பும் நாட்களில் பாக்கெட் ஓடும் லைன் பக்கத்து ஆட்கள், "ஏழரை இறங்கிடுச்சுடா" என்று தலையில் கை வைப்பார்கள். அவளுக்கு அதில் ரகசியமாக ஒரு பெருமை.

போன் திரையைப் பார்த்தாள். வாயிலிருந்ததைத் துப்ப மறந்து விழுங்கிவிட்டாள்.

அத்தான்!

இரண்டு வருடத்தில் அந்த எண்ணிலிருந்து ஒரு மிஸ்டுகால்கூட வந்ததில்லை.

"ஏம்மா, வேலையா இருக்கியா? அப்புறமா கூப்பிடட்டுமா?"

"சொல்லுங்க அத்தான்."

"ஒண்ணுமில்ல... உங்க அக்காவுக்கு வலது கண்ணு போயிடுச்சு."

பல்பு போயிடுச்சு என்பது போலச் சொன்னார். அழுதுவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் சொன்னார் என்பது அடுத்த வாக்கியத்தில் தெரிந்தது. குரல் உடைந்தது.

அக்காவுக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை வியாதி. கடந்த ஒரு வருடமாக அது கட்டறுத்த மாடாக ஓடுகிறது. வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, பார்வை முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணிலும் கசிவு ஆரம்பம்.

"இடது கண்ணை ஆபரேஷன்ல காப்பாத்தலாமாம். ஆனா சர்க்கரை இருநூறுக்குக் கீழ வந்தாதான் டாக்டர் கத்தி வைப்பாராம். மூணு வாரம் டைம். அதுக்கு மேல கண்ணு தாங்காதாம். இன்னிக்குக் காலையில நானூத்திப் பன்னெண்டு. அவ ஒண்ணுமே திங்கறதில்லம்மா! எங்கேருந்து ஏறுதுன்னே புரியல. நீ லேபுல இருக்கறவ... ஒரு தடவை வந்து பாரேன்."

இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவின் கடைசி நாளில் ஏழு போய்ச் சேரவில்லை. டேங்கில் முப்பதாயிரம் லிட்டர் காத்திருந்தது, கையெழுத்துப் போட வேறு ஆள் இல்லை. மறுநாள் போனபோது அக்கா எல்லார் முன்னாலும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "ஜூஸ் புளிச்சிடும்னு அம்மாவை விட்டவ இவ." அன்றைக்கு வாசலைத் தாண்டிய ஏழு திரும்பவில்லை.

இப்போது வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "அரை நாள் லீவு" என்றாள். காரணம் கேட்பதற்குள் கேட்டைத் தாண்டிவிட்டாள்.

*

மாடியில் இரண்டு அறை வீடு. ஜன்னலோரம் தையல் மெஷின். அக்கா மெஷின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெண்களுக்கான சட்டை தைப்பதில் அந்தத் தெருவுக்கே அவள்தான்.

"யாரது, ஜூஸ் கம்பெனி மகாராணியா? வழி ஞாபகம் இருந்துச்சா?"

"அக்கா..."

"இடது பக்கம் வந்து நில்லு. வலது பக்கம் நின்னா நீ இருக்கறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு. ரெண்டு வருஷமா அப்படித்தானே இருந்த."

ஏழு இடது பக்கம் போய் நின்றாள். அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இளைச்சுட்ட. சட்டை தோள்ல தொங்குது. கழட்டிக் குடு, பிடிச்சுத் தரேன்." அவ்வளவுதான். இரண்டு வருடச் சண்டை அத்தோடு முடிந்தது. அழுகை, சமாதானம் எதற்கும் அக்கா இடம் கொடுக்கவில்லை.

ஏழு வேலையை ஆரம்பித்தாள். போலீஸ் சோதனை போல.

முதல் சந்தேகம், சர்க்கரை பார்க்கும் கருவி. தன் விரலைக் குத்திப் பார்த்தாள். தொண்ணூற்றாறு. கருவி குற்றமற்றது. இரண்டாவது சந்தேகம், மருந்து. ஊசி மருந்து பிரிட்ஜில் முறையாக இருந்தது, தேதி முடியவில்லை. மாத்திரைப் பட்டையில் காலியான குழிகளை எண்ணினாள். ஒரு வேளைகூடத் தவறவில்லை. அலமாரியில் பிஸ்கட் இல்லை, ஜாம் இல்லை, தேன் இல்லை. சாப்பாட்டுத் தட்டில்கூடக் கோடு போட்டு, முக்கால் பங்கு காய் என்று பிரித்திருந்தாள் அக்கா.

மூன்றாவது சந்தேகம், அத்தான். அவரை அடுப்படிக்கு இழுத்துப் போய் மிரட்டினாள்.

"உண்மையைச் சொல்லுங்க. பாவமா இருக்குன்னு ஏதாவது வாங்கிக் குடுக்கறீங்களா?"

"அவளுக்காக நானே டீயில சர்க்கரையை விட்டு ஏழு மாசம் ஆச்சும்மா. இப்ப டீ குடிச்சா கஷாயம் குடிக்கற மாதிரி மூஞ்சி போகுதுன்னு ஆபீஸ்ல சிரிக்கறாங்க."

ஏழு சோர்ந்துபோய் ஜன்னலோர அறைக்குத் திரும்பினாள். அப்போதுதான் சுவரைப் பார்த்தாள்.

வெள்ளி வெள்ளியாக ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. சட்டையின் கை, கழுத்து, முதுகு, கைக்குழி. துணியில் வைத்து வரைவதற்கான அளவு அச்சுகள். மற்ற தையல்காரர்கள் பழுப்பு அட்டையில் வெட்டுவார்கள். இவை பளபளத்தன. காற்றில் சரசரத்தன.

"அழகா இருக்கேக்கா. எதுல வெட்டின?"

"குடிச்ச டப்பாதான். விரிச்சுக் கழுவிக் காயவெச்சா அட்டை மாதிரி. தண்ணி பட்டாலும் ஊறாது. நாலஞ்சைச் சேத்துத் தச்சுட்டா ஒரு முதுகு."

ஏழு ஒரு அச்சைத் திருப்பினாள்.

பச்சை. பிளந்த மாதுளையின் படம். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில்: சர்க்கரை சேர்க்கப்படவில்லை. ஓரத்தில் தேதி, நேரம், கடைசியில் 7.

அடுத்ததைத் திருப்பினாள். 7. அதற்கடுத்தது. 7. முதுகு அச்சில் ஐந்து பாக்கெட் சேர்த்துத் தைத்திருந்தது. ஐந்திலும் 7.

அச்சைக் கையில் வைத்தபடியே அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை குடிக்கற?"

"காலையில மாத்திரைக்கு ஒண்ணு. வெறும் தண்ணில போட்டா கசக்குது. பதினோரு மணிக்கு ஒண்ணு, மத்தியானம் கண்ணைக் கட்டினா ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. சாப்பாட்டைத்தான் பாதியாக் கொறைச்சாச்சு, இதாவது உடம்புல ஒட்டட்டும்னுதான்."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இனிப்பு சாப்பிடறியான்னு கேட்டாரு. இல்லைன்னேன். பொய்யா? அதான் டப்பாவுலயே போட்டிருக்கே."

ஏழுவுக்கு அந்தப் பாக்கெட்டின் கணக்கு தூக்கத்திலும் தெரியும். இருநூறு மில்லி. இருபத்துநாலு கிராம் சர்க்கரை. ஸ்பூனில் அள்ளினால் ஆறு ஸ்பூன். நாலு பாக்கெட்டுக்கு இருபத்துநாலு. கண்ணுக்குத் தெரியாமல், யாரும் திட்டாமல், தினமும் ஒரு கிண்ணம் சர்க்கரை.

"எல்லாத்துலயும் ஏழு இருக்கேக்கா..."

"கடைக்காரன் குடுக்கறதை வாங்கறேன். நம்பரை எல்லாம் எவ பாத்தா?" அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அத்தான் அவளை மாடிப்படிக்குக் கூப்பிட்டுக் காதோடு சொன்னார். "பொய் சொல்றாம்மா. ஏழு இல்லேன்னா தொடமாட்டா. பூதக்கண்ணாடி எடுத்துட்டுக் கடைக்குப் போயி, அடுக்கி வெச்சதை எல்லாம் கலைச்சுத் தேடுவா. கடைக்காரன் எங்களைக் கண்டாலே ஷட்டரை இறக்கறான். 'என் தங்கச்சி கையெழுத்து போட்டதுதான் வேணும், அவ மோசமானதை வெளிய விடமாட்டா'ன்னு அவங்கிட்ட சண்டை. உனக்குப் போன் பண்ணச் சொன்னா மட்டும் வீம்பு."

*

ஜூஸ் எப்படித் தயாராகிறது என்று கேட்டால் வெளியாட்கள் பழம், பிழிதல், பாக்கெட் என்பார்கள். அந்தத் தொழிற்சாலைக்குள் முழுப் பழம் வந்து பல வருடம் ஆயிற்று. வருவது பீப்பாய். எங்கோ பிழிந்து, தண்ணீரைச் சுண்டவைத்து, தேன் பதத்துக்கு இறுக்கிய சாறு. சுண்டும்போது ஓடிவிடும் மணத்தைத் தனியாகப் பிடித்து, தனி டப்பாவில் அனுப்புவார்கள். இங்கே சாற்றில் தண்ணீரைத் திருப்பி ஊற்றி, மணத்தைத் திருப்பி ஊற்றி, சில வினாடி கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கி, ஆறவைத்து, காற்றுப் புகாத அட்டையில் அடைப்பார்கள். இதுவரை ஏமாற்று எதுவும் இல்லை.

ஏமாற்று வேறொரு பீப்பாயில் வந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன்.

திராட்சைச் சாறுதான். ஆனால் சல்லடை போன்ற குழாய்களுக்குள் விட்டு நிறத்தை உருவியிருந்தார்கள். புளிப்பை உருவியிருந்தார்கள். வாசனையை உருவியிருந்தார்கள். மிஞ்சியது கண்ணாடி போல ஒரு பாகு. தித்திப்பைத் தவிர அதில் திராட்சை என்று சொல்ல ஒன்றுமில்லை. நூற்றுக்கு எட்டு பங்கு மாதுளை, மீதியில் இந்தப் பாகும் தண்ணீரும். பச்சை டப்பா பிறந்தது.

எந்தச் சரக்கில் எவ்வளவு எதைக் கலப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரிக்கு ஊழியர்கள் வைத்த பேர் பாகு சார்.

"சார், இது சர்க்கரைப் பாகு" என்றாள் அன்றைக்கு ஏழு.

"திராட்சைம்மா. பேப்பர்ல திராட்சைன்னு இருக்கு."

"நாக்குல சர்க்கரைன்னு இருக்கே."

"நாக்கு கோர்ட்டுக்கு வராது." பாகு சார் சிரித்தார். "சர்க்கரை மூட்டை ஒண்ணாவது கேட்டுக்குள்ள வந்துச்சா? வரல. அப்ப சேர்க்கலைன்னு போடறதுல என்ன பொய்யி? மொத்தச் சர்க்கரை எவ்வளவுன்னு பின்னாடி போடறோம்ல. படிக்கறவன் படிக்கட்டும்."

பத்து நிமிடம் வாதாடினாள். பின்பக்க எழுத்து எறும்பு அளவு என்றாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். நம்ம வீட்டிலா குடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருந்தது.

அதற்கும் பல வருடம் முன்பு, அக்காவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரத்தில், ஏழுதான் சொல்லியிருந்தாள். "ஜூஸ் குடிக்கணும்னா சர்க்கரை சேர்க்காததுன்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குக்கா." அக்கா வேதவாக்காக வைத்துக்கொண்டாள்.

*

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். அக்காவின் ஒற்றைக் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இப்போதுதான் வீட்டுக்குள் விட்டிருக்கிறாள்.

"இந்தச் சரக்குல கோளாறுக்கா. கம்பெனியே திருப்பி வாங்குது. இனிமே இதைத் தொடாத. மாத்திரைக்குத் தண்ணி போதும்."

"அப்படியா? சரி."

மெஷினுக்கு அடியிலிருந்த முழுப் பாக்கெட்டுகளையும், விரித்துக் கட்டிவைத்திருந்த காலி டப்பாக்களையும் சாக்கில் அள்ளினாள். சுவரில் கை வைத்தபோது அக்கா அதட்டினாள். "அச்சைத் தொட்ட, கையை ஒடிச்சிடுவேன். என் பொழப்பு அது."

அன்றிலிருந்து தினமும் காலை அத்தானின் போன். எண்கள் மட்டும்.

முந்நூற்று எழுபது.

முந்நூற்றுப் பதினைந்து.

இருநூற்று எண்பது.

இறங்கியது. ஏழு லேப் சுவரில் பென்சிலால் குறித்து வைத்தாள். ஒன்பதாம் நாள் இருநூற்று முப்பத்தாறு. அன்று பச்சை டப்பாவுக்கான டேங்க் தயாராக, கையெழுத்துக்குத் தாள் வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு பாகு சாரின் அறைக்குப் போனாள்.

"முன்பக்கத்துல ஆறு ஸ்பூன்னு போடுங்க சார். போட்டா கையெழுத்து போடறேன்."

"முன்பக்கம் மாதுளைக்கே இடம் பத்தலம்மா."

"எங்க அக்காவுக்கு ஒரு கண்ணு போயிடுச்சு சார்."

பாகு சார் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "அடப் பாவமே. நீயே இங்க இருந்துக்கிட்டு, அவங்களைக் குடிக்க விட்டியா? எனக்கும் சர்க்கரை இருக்கு. நான் இதை மோந்துகூடப் பாக்க மாட்டேனே!"

அவள் கையெழுத்துப் போடவில்லை. சாயங்காலத்துக்குள் வேலை போயிற்று. வெளியே வரும்போது, தன் நாற்காலியில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். "நம்பர் நாற்காலிக்குத்தான், ஆளுக்கு இல்ல" என்றார் மேற்பார்வையாளர். லைன் நிற்கவில்லை.

பதினோராம் நாள் காலை: நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

"இறங்கிடுச்சும்மா!" அத்தான் போனிலேயே குதித்தார். "டாக்டர் திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாரு!"

ஏழு சுவரில் சாய்ந்து அழுதாள். வேலை போனது வலிக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள்.

அன்று மத்தியானம், ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த அக்கா கேட்டாள். "என்னங்க, ஜன்னலை எதுக்குச் சாத்தறீங்க?" ஜன்னலை யாரும் சாத்தவில்லை.

ஆபரேஷன் நடந்தது. இரண்டு தடவை. முடிந்து வெளியே வந்த டாக்டர், "ஒரு மாசம் முன்னாடி சர்க்கரை இறங்கியிருந்தா..." என்று ஆரம்பித்து, ஏழுவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இனி அந்த இடது கண்ணுக்கு வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே என்று மட்டும் தெரியுமாம்.

*

கட்டுப் பிரித்து ஒரு வாரம். அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் அந்தக் கடை. ஏழு உள்ளே போனாள். பச்சை டப்பாக்கள் அடுக்கியிருந்தன. ஒரு பாக்கெட்டின் தலையைத் திருப்பிப் பார்த்தாள். நேற்றைக்கு முந்தைய நாளின் தேதி. கடைசியில் 7.

பக்கத்தில் ஒரு பெண்மணி பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. இது ஓகேதானேங்க? சேர்க்கலைன்னு போட்டிருக்கு."

"முன்பக்கத்தை நம்பாதீங்க. பின்னாடி பாருங்க, மொத்தச் சர்க்கரைன்னு பொடி எழுத்துல இருக்கும். அந்த கிராமை நாலால வகுத்தா எத்தனை ஸ்பூன்னு வந்துடும். நூறு மில்லிக்கா, முழு டப்பாவுக்கான்னும் பாக்கணும். எதை அதிகமாப் போட்டிருக்காங்களோ அதைத்தான் முதல்ல எழுதுவாங்க. இதுல மாதுளை எங்க இருக்கு பாருங்க, கடைசிக்கு முன்னாடி." மூச்சு வாங்கியது. "அவருக்கு ஜூஸே வேணாங்க. நல்ல ஜூஸ்கூட வேணாம். பழமா ரெண்டு துண்டு வெட்டிக் குடுங்க. தண்ணி குடிக்கட்டும்."

பெண்மணி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். "நீங்க எந்தக் கம்பெனி? போட்டிக் கம்பெனியா?"

ஆறு பாக்கெட்டைக் கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மாடியில் அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்து, நூல் இல்லாத மெஷினின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தாள். படியேறும்போது மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை எல்லாம் ஏழு ஒரே மூச்சில் கொட்டினாள். பாகு, கையெழுத்து, ஆறு ஸ்பூன், சாக்கு, பொய். எல்லாம்.

சக்கரம் நிற்கவில்லை.

"தெரியும்" என்றாள் அக்கா.

"என்ன தெரியும்?"

"கெட்டுப்போன சரக்குன்னா முழு டப்பாவை எடுத்துட்டுப் போவாங்க. குடிச்சு முடிச்ச காலி டப்பாவை எதுக்குடி சாக்குல அள்ளின? நாலு நாள்ல சர்க்கரை மடமடன்னு இறங்குது. நான் என்ன மக்கா?"

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா நீ அழுவ. அழுதா அப்புறம் மூஞ்சி காட்டமாட்ட. அம்மா விஷயத்துல ஒரே ஒரு வார்த்தை கேட்டேன், ரெண்டு வருஷம் போச்சு. இதைக் கேட்டா எத்தனை வருஷம் போகும்? கண்ணும் போயி நீயும் போயிட்டா, நான் யாருகிட்டடி வாயாடறது?"

"திட்டுக்கா. அடிச்சிடு. ஏதாவது பண்ணு."

"அடிக்க ஆள் எங்க நிக்குதுன்னு தெரியணும்ல?"

"இடது பக்கம்தான் நிக்கறேன்."

"இனிமே எந்தப் பக்கம் நின்னா என்ன."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"வேலை போயிடுச்சுக்கா."

"பொய்யி. கடையில ஏழு இன்னும் வருதுன்னாரே உன் அத்தான். நான் தினம் கேட்டுக்கறேனே."

"அது நான் இல்ல. வேற ஒரு பொண்ணு."

அக்காவின் கை சக்கரத்தின் மேல் நின்றது. முதல் தடவையாக அவள் முகம் கோணியது.

"அவளுக்கும் அக்கா இருப்பாளாடி?"

அக்கா முந்தானை நுனியால் இரண்டு கண்களையும் துடைத்துக்கொண்டாள். பிறகு கையை நீட்டினாள்.

"சரி, சும்மா நிக்காத. சுவத்துல இருந்து அந்தக் கழுத்து அச்சை எடு. தொட்டுப் பாத்தாவது தைக்க வருதான்னு பாக்கறேன்."

ஏழு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அக்கா விரல் நுனியால் அதன் விளிம்பை ஒரு சுற்றுத் தடவினாள். மெதுவாக இன்னொரு சுற்று.

"இது கழுத்து இல்ல. கைக்குழி. பதினாறு வருஷம் சோதனைன்னு வேலை பாத்திருக்க, ஒழுங்காப் பாத்து எடுக்கத் தெரியல."

ஏழு கைக்குழியை வாங்கிக்கொண்டு, அடுத்ததை எடுக்கச் சுவர்ப்பக்கம் போனாள்.